கிணறு சொல்லும் கணக்கு: கடலோரத் தோட்டத்தில் விருந்தினர் தங்கல்

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மே மாதம். எங்கள் தோட்டத்தில் 14 பேர் தங்கியிருந்தார்கள். சென்னையிலிருந்து மூன்று குடும்பம், அதில் ஆறு பிள்ளைகள். நாலாம் நாள் காலையில் வீட்டம்மா அடுப்படியிலிருந்து கூப்பிட்டார். "பருப்பு வேகவே மாட்டேங்குது, வந்து பாருங்க." ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் குடித்தேன். கரித்தது. அன்றைக்குச் சாயங்காலமே பக்கத்துக் கொல்லை அக்கா குடத்தோடு வந்து நின்றார். "என்ன தம்பி, ஒங்க வீட்டுக்கு ஆளு வந்ததுல இருந்து எங்க கெணறும் கரிக்குதே?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த நாலு நாளும் மோட்டாரை மணிக்கணக்கில் ஓடவிட்டது நான்தான். அந்த வருஷம் அவரை இலை நுனி கருகி, கத்தரி பிஞ்சு உதிர்ந்து, ஐப்பசி மழை வந்த பிறகுதான் தண்ணீர் பழைய சுவைக்குத் திரும்பியது.

கடலூருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவில், கடலிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது எங்கள் தோட்டம். மணல் பூமி. மணிலா, தென்னை, சவுக்கு, கொஞ்சம் காய்கறி, நாலு மாடு. இப்போது கடலோர இயற்கை உழவர்கள் பலரும் "நாமும் ரெண்டு அறை போட்டு விருந்தினரைத் தங்க வைக்கலாமா?" என்று கேட்கிறார்கள். வைக்கலாம். ஆனால் எத்தனை அறை என்பதைச் சந்தையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கிணற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது.

மணலுக்கடியில் என்ன நடக்கிறது?

கடலோர மணலில் நாம் இறைக்கும் நல்ல தண்ணீர் மழை கொடுத்தது. அது அடியில் இருக்கும் கடல் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, உப்புநீர் எடை கூடுதல். அதனால்தான் மிதக்கிறது. நிலத்தடி நீர் பற்றிப் படித்தவர்கள் நூறு வருஷத்துக்கு முன்பே இதற்கு ஒரு கணக்குச் சொல்லிவிட்டார்கள். கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும்.

இதைத் திருப்பிப் பாருங்கள். இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஒரு அடி நிரந்தரமாக இறக்கிவிட்டால், அடியிலிருந்து உப்பு காலப்போக்கில் 40 அடி மேலே வரும். கிணற்றுக்கு நேர் கீழே ஓர் உப்பு மேடு எழும்பும். ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் மோட்டார் ஓட்டினால் அந்த மேடு சீக்கிரம் எழும்பும். அதே தண்ணீரைக் காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று எடுத்தால் எழும்பாது. நான் செய்த தப்பு இதுதான்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விருந்தினர் அதிகம் வருவது பள்ளி விடுமுறையில், ஏப்ரல், மே மாதங்களில். நம் கிணற்றில் தண்ணீர் மிகக் குறைவாக இருப்பதும் அப்போதுதான். கூட்டம் கூடும்போது கிணறு இறங்கியிருக்கும். மழைக்காலத்தில் கிணறு நிறைந்திருக்கும்போது புயல் பயத்தில் யாரும் வரமாட்டார்கள். அதனால் மார்கழியில் தளும்பும் கிணற்றைப் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது. கத்திரி வெயிலில் போட வேண்டும்.

ஆள் கணக்கு போடும் முறை

எங்களுடையது 5 அடி விட்டமுள்ள உறைக்கிணறு. அதில் ஒரு அடித் தண்ணீர் என்பது சுமார் 550 லிட்டர். மே மாதத்தில் காலை மூன்று அடி, மாலை மூன்று அடி இறைத்துப் பார்த்தேன். மறுநாள் விடிவதற்குள் பழைய மட்டத்துக்கு ஊறியது. ஒரு வாரம் தொடர்ந்து செய்தும் உப்பு ஏறவில்லை. அப்படியானால் ஒரு நாளைக்கு 3,300 லிட்டர்.

இதில் வீட்டுக்கு 300 லிட்டர். மாடுகளுக்கு 250. பத்து சென்ட் காய்கறிக்குச் சொட்டுநீரில் கோடை நாளுக்கு 1,600. மொத்தம் 2,150 போக மிச்சம் 1,150. அதில் 350 லிட்டரைத் தொடக்கூடாது என்று விட்டுவிட்டேன். ஒரு வருஷம் மழை பொய்த்தால் அதுதான் காப்பு. மீதி 800. ஓர் ஆளுக்கு 100 லிட்டர் என்றால் எட்டுப் பேர். ஆக இரண்டு அறை, அவ்வளவுதான். மூன்றாவது அறைக்கு இடம் இருக்கிறது, கேட்கவும் ஆள் இருக்கிறார்கள். தண்ணீர் இல்லை.

ஓர் ஆளுக்கு 100 லிட்டர் ஏன்? ஊரகக் குடிநீர்த் திட்டங்களில் ஓர் ஆளுக்கு 55 லிட்டர் என்று வைக்கிறார்கள். நகரத்துக்கு 135 லிட்டர். நகரத்தில் இருந்து வருகிறவர்கள் அந்தப் பழக்கத்தோடுதான் வருவார்கள். ஷவர் வைத்தால் 135-ம் போதாது. நாங்கள் ஷவர் வைக்கவில்லை. வாளியும் சொம்பும்தான். வெந்நீர் வேண்டுமென்றால் விறகு அடுப்பு அண்டாவிலிருந்து மொண்டுகொள்ளலாம். பிள்ளைகளுக்கு அதுவே வேடிக்கை.

உங்கள் கிணற்றுக்கு உங்கள் கணக்கு. ஆனால் ஒரு பொருளை மட்டும் கட்டாயம் வாங்குங்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அளந்து சுவரில் எழுதுங்கள். குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. பாசனத்துக்கு 450-க்குள் கவலை இல்லை. அதற்கு மேல் போகப்போக அவரை, பீன்ஸ் போன்றவை முதலில் வாடும். 2,000-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது. எங்கள் கிணறு தையில் 450 காட்டும், மே மாதம் 700 காட்டும். 900 காட்டினால் அடுத்த முன்பதிவை ரத்து செய்கிறோம். வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதால் இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

"இன்னும் ஆழமாக ஒரு போர் போட்டால் என்ன?" என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் அப்படித்தான் செய்தார். கடன் வாங்கி ஆறு அறை, ஆழ்துளைக் கிணறு, புல்வெளி. இரண்டு வருஷம் நல்ல தண்ணீர். மூன்றாம் வருஷம் உப்பு. இப்போது லாரித் தண்ணீரில் ஓடுகிறது. சுற்றியுள்ள நாலு கொல்லைக்காரர்கள் மணிலாவை விட்டுவிட்டுச் சவுக்குக்கு மாறிவிட்டார்கள். நிலத்துக்கு எல்லைக்கல் உண்டு, அடியில் இருக்கும் தண்ணீருக்கு எல்லைக்கல் கிடையாது.

தண்ணீரைத் திரும்பக் கொடுப்பது

எடுப்பதைக் குறைத்தால் மட்டும் போதாது, நிரப்பவும் வேண்டும். 100 சதுர மீட்டர் கூரையில் ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டர் என்று குறைத்தே வைத்தாலும், சிந்தியது சிதறியது போக 80,000 லிட்டர் பிடிக்கலாம். எட்டு விருந்தினர் நூறு நாள் தங்குவதற்கு அது சரியாகப் போகும். மணல் பூமி என்பதால் பெரிய செலவு இல்லை. கூரைத் தண்ணீரைக் கூழாங்கல்லும் மணலும் போட்ட குழியில் விட்டால் அப்படியே இறங்கிவிடும்.

குளியல் தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் கல்வாழைப் பாத்திக்குப் போய், அங்கிருந்து வாழைக்குப் போகிறது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆசிட், பிளீச்சிங் தூள், பினாயில் எதுவும் உள்ளே வரக்கூடாது. நாங்கள் அறையிலேயே சீயக்காய், பாசிப்பயறு மாவு, எளிய சோப்பு வைத்துவிடுகிறோம். பாத்திரத்துக்குச் சாம்பலும் எலுமிச்சைத் தோலும். நிலத்தில் இரசாயனத்தை நிறுத்திவிட்டுக் கழிவறை வழியாக அதையே உள்ளே விட்டால் என்ன இயற்கை வேளாண்மை?

கழிவறைதான் கடலோரத்தில் பெரிய விஷயம். மணல், தண்ணீரை வேகமாகக் கடத்தும். கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி என்று பொதுவாகச் சொல்வார்கள். மணலில் அதைவிடத் தள்ளிப் போவது நல்லது. நிலத்தடி நீர் ஓடும் திசையில் கிணறு மேலேயும் தொட்டி கீழேயும் இருக்கட்டும். தொட்டியின் அடியும் பக்கமும் கசியாமல் பூசியிருக்க வேண்டும். மழைக்காலத்தில் தண்ணீர் தரைமட்டத்துக்கு வந்துவிடும் இடங்களில் குழிக் கழிவறை சரிப்படாது. மலத்தையும் சிறுநீரையும் பிரிக்கும் ஈகோசான் உலர் கழிவறையை யோசிக்கலாம். முசிறியில் அதைப் பொதுக் கழிவறையாகவே நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

நீச்சல் குளம் கேட்பவர்களுக்கு

முன்பதிவு செய்கிறவர்கள் முதலில் கேட்பது, "ஸ்விம்மிங் பூல் இருக்கா?" 20 அடிக்கு 10 அடி, 4 அடி ஆழம் என்றால் 22,000 லிட்டருக்கு மேல். எங்கள் கிணற்றின் ஏழு நாள் தண்ணீர். அதோடு குளோரின். முடியாது.

அதற்குப் பதிலாக மோட்டார் கொட்டகைப் பக்கத்தில் 6 அடிக்கு 4 அடி, 2 அடி ஆழத்தில் ஒரு தொட்டி கட்டினோம். 1,360 லிட்டர் பிடிக்கும். காய்கறிக்குப் போக வேண்டிய தண்ணீர் முதலில் தொட்டிக்கு வருகிறது. பிள்ளைகள் ஒரு மணி நேரம் ஆட்டம் போடுகிறார்கள். பிறகு அதே தண்ணீர் வாய்க்காலில் பாத்திக்குப் போகிறது. சோப்பு கூடாது என்பது ஒன்றுதான் விதி. கூடுதலாக ஒரு சொட்டும் இறைக்கவில்லை. "நாங்க குளிச்ச தண்ணியிலதான் வெண்டைக்காய் காய்க்குதா?" என்று ஒரு பெண் பிள்ளை கேட்டது. ஆமாம் என்றேன். மறுநாள் அது வெண்டைக்காயை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டது என்று அதன் அம்மா சொன்னார்.

பிள்ளைகளும் பெரியவர்களும்

குடும்பமாக வருகிறவர்களுக்கு ஆடம்பரம் தேவையில்லை. பயமில்லாமல் பிள்ளைகளை ஓடவிட வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பொறுப்பு நம்முடையது. நாம் தினமும் பார்த்துப் பழகியதால் நம் கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகள் நிறைய உண்டு.

கிணற்றுக்கு இடுப்பளவு சுவரும் மேலே கம்பி வலையும் வேண்டும். பிளாஸ்டிக் தாள் விரித்த பண்ணைக்குட்டை இருந்தால் அதுதான் பெரிய எமன். சரிவில் வழுக்கும், விழுந்தவர் ஏறவே முடியாது. சுற்றி வேலி போட்டு, கதவுக்குப் பூட்டுப் போட்டு, முடிச்சுப் போட்ட கயிறும் காற்றடித்த டியூபும் தொங்கவிடுங்கள். பஞ்சகவ்யம், மீன் அமிலம் இருக்கும் கலன்களுக்கு மூடி. மோட்டார் பெட்டிக்குப் பூட்டு. தென்னைக்கு அடியில் கட்டிலும் வேண்டாம், காரும் வேண்டாம்.

பாம்பு உண்டு என்பதை மறைக்காதீர்கள். வந்ததும் சொல்லிவிடுங்கள். இருட்டினால் டார்ச், காலில் செருப்பு. விறகும் மட்டையும் அறையிலிருந்து தள்ளி இருக்கட்டும். கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரியில் தரையில் படுத்தவரைத்தான் கடிக்கும். அதனால் கட்டிலும், விளிம்பு செருகிய கொசுவலையும் கட்டாயம். கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது எந்த மருத்துவமனை என்று முன்கூட்டியே விசாரித்து அறையில் எழுதி ஒட்டுங்கள்.

கடலில் குளிக்க நாங்கள் அனுப்புவதில்லை. நம் கிழக்குக் கடற்கரையில் அலை பார்க்கச் சாதுவாக இருக்கும், இழுவை உள்ளே இருக்கும். அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடம்தான் பல நேரம் தண்ணீர் உள்ளே இழுக்கும் பாதை. கணுக்கால் வரை, பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு, பகலில் மட்டும். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம். வெளிச்சம் பார்த்தால் ஆமைக்குஞ்சுகள் திசை மாறிப்போகும். அப்போது கடற்கரைக்கு டார்ச்சும் வேண்டாம், ராத்திரி நடையும் வேண்டாம்.

வயதானவர்களுக்கு மேற்கத்தியக் கழிவறை ஒன்றும், பிடித்து எழுந்திரிக்கச் சுவரில் ஒரு கம்பியும் வையுங்கள். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு உத்தரத்தில் ஒரு வளையம் போதும், தூளி கட்டிக்கொள்வார்கள். சாப்பாடு தோட்டத்தில் என்ன விளைகிறதோ அதுதான். சித்திரையில் மணிலா பிடுங்கும்போது வந்தால் பிள்ளைகளே ஆய்ந்து அவித்துத் தின்னலாம். மீன் வேண்டுமென்றால் கரைக்கு வரும் மீனவப் பெண்களிடம் வாங்குகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். அப்போது சின்னப் படகுக்காரர்கள் கொண்டுவருவதுதான். விலை கூடும். அதையும் விருந்தினரிடம் சொல்லிவிடுகிறோம். பேரம் பேசுவதில்லை.

வரவு செலவு

கணக்குக்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நாலு பேர், இரண்டு இரவு, சாப்பாட்டோடு 6,000 ரூபாய். சமையல் பொருள் 1,500. தோட்டத்துக் காய்க்கும் சந்தை விலை போட வேண்டும், சும்மா வந்தது என்று எழுதக் கூடாது. சமையலுக்கும் துப்புரவுக்கும் இரண்டு பேர் கூலி 1,800. சலவை, மின்சாரம், எரிவாயு 500. உப்புக் காற்றில் தாழ்ப்பாள், மின்விசிறி எல்லாம் துருப்பிடிக்கும், அதற்கும் புயலுக்குமாக 900. தானே புயல் 2011 டிசம்பர் 30-ல் எங்கள் பக்கம் என்ன செய்தது என்று பார்த்தவர்கள் இந்தத் தொகையை விடமாட்டார்கள். மிச்சம் 1,300. வருஷத்துக்கு 40 குடும்பம் வந்தால் 52,000 ரூபாய்.

இது ஒரு பக்க வருமானம். பத்து லட்சம் கடன் வாங்கிக் கட்டினால் பத்து வட்டியே வருஷத்துக்கு ஒரு லட்சம். அதனால் இருக்கிற வீட்டையோ, பழைய களத்துக் கொட்டகையையோ சரிசெய்துதான் தொடங்க வேண்டும்.

மேலே சொன்ன கூலியில் வீட்டுப் பெண்ணின் கூலியும் உண்டு என்பதைக் கவனியுங்கள். பல தோட்டங்களில் இது எழுதப்படுவதே இல்லை. "விருந்தாளிகள் வந்தாங்க" என்று நாம் பெருமையாகப் பேசும்போது அடுப்படியில் நிற்பது யார்? எங்கள் வீட்டில் இப்போது அந்தப் பணம் அவர் கணக்குக்குப் போகிறது. வாரத்தில் இரண்டு நாள் யாரையும் சேர்ப்பதில்லை. விதைப்பு வாரமும் அறுவடை நெருக்கடியும் விடுமுறை. முன்பதிவை ஏற்பதும் மறுப்பதும் அவர் கையில்தான்.

சட்டமும் பதிவும்

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை (2019) முதலில் பார்க்க வேண்டியது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் உங்கள் நிலம் எந்த வகையில் வருகிறது என்று மாவட்ட நிர்வாகத்தில் வரைபடம் பார்த்து உறுதி செய்யுங்கள். கிராமப்புறக் கடலோரத்தில் கட்டுமானத் தடைப் பகுதி மக்கள் நெருக்கத்தைப் பொறுத்து 50 அல்லது 200 மீட்டர். அதற்கு வெளியே, மீனவர் உள்ளிட்ட உள்ளூர் மக்கள் இருக்கிற வீட்டின் அளவையும் முகப்பையும் மாற்றாமல் விருந்தினரைத் தங்க வைக்க இந்த அறிவிக்கையில் வழி உண்டு. நம்மைப் போன்றவர்களுக்கு அது போதும்.

ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் இல்லத் தங்கல் திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறை வரை பதியலாம், உரிமையாளர் அங்கேயே குடியிருக்க வேண்டும். ஊராட்சி அனுமதி, உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு இரண்டும் வாங்குங்கள். எல்லோருடைய அடையாள அட்டையையும் பதிவேட்டில் எழுதுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். விருந்தினர் அறைக்கு இலவச விவசாய மின்சாரத்தைப் பயன்படுத்தாதீர்கள், தனி இணைப்பு வாங்குங்கள். விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை, ஆனால் அறை வாடகை விவசாய வருமானம் ஆகாது. இரண்டுக்கும் தனித்தனி நோட்டு.

தொடங்குகிறவர்களுக்கு

ஒரு வருஷம் யாரையும் சேர்க்காமல் கிணற்றை மட்டும் அளந்து எழுதுங்கள். அடுத்த வருஷம் ஒரே ஓர் அறையோடு, தெரிந்தவர்களை வைத்துத் தொடங்குங்கள். பக்கத்துக் கொல்லைக்காரர்களிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடலோரத்தில் உப்பேறிய வயல்களில் ஐயா நம்மாழ்வாரும் உழவர்களும் சேர்ந்து மண்ணை மீட்டார்கள். அந்த உப்பைக் கடல் கொண்டுவந்தது. நம் பேராசை கொண்டுவரும் உப்பை நாமே தடுத்துவிடலாம்.

பக்கத்துக் கொல்லை அக்கா இப்போதும் வருகிறார். விருந்தினர் இருக்கும் நாளில் கீரையும் மோரும் அவரிடம்தான் வாங்குகிறோம். வெள்ளிக்கிழமை மீட்டரை எடுத்தால் முதலில் அவர் கிணற்றைத்தான் அளக்கிறேன்.